லிங்க்ட்இனில் வெளிநாட்டு பையர் பிடிக்க முடியுமா? 4 மாதமாக முட்டி மோதுகிறேன்

கரூர்தறி:
கரூரில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத். இத்தனை வருஷம் ஒரு எக்ஸ்போர்ட்டருக்கு ஜாப் ஒர்க்தான், போன வருஷம் ஐஇசி (ஏற்றுமதிக்குத் தேவையான அரசுக் கோடு நம்பர்) எடுத்து நேரடியாக இறங்கலாம் என்று ஆரம்பித்தேன். லிங்க்ட்இனில் ஜெர்மனி, நெதர்லாந்து கம்பெனிகளின் ஓனர், சிஇஓ என்று தேடித் தேடி 600 பேருக்கு கனெக்ட் கொடுத்தேன். 90 பேர் ஏற்றுக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே கேட்லாக் பிடிஎஃப், விலைப்பட்டியல் இரண்டையும் அனுப்பிவிட்டேன். வந்த பதில் இரண்டே இரண்டு. ஒருவர் வேண்டாம் என்றார், இன்னொருவர் எனக்கே சாஃப்ட்வேர் விற்கப் பார்த்தார். போன வாரம் இன்விடேஷன் லிமிட் முடிந்தது என்று வேறு வந்து நிற்கிறது. பிரீமியம் எடுத்தால் சரியாகுமா?

மெர்ச்சக்கா:
கோபித்துக்கொள்ளாதீங்க தம்பி, சிஇஓ டவல் வாங்க மாட்டார். நான் பையிங் ஹவுஸில் (வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே சரக்கு பிடித்துக் கொடுக்கும் ஆபீஸ்) 11 வருஷம் இருந்தவள். ஆர்டரை முடிவு செய்வது பையர், கேட்டகரி மேனேஜர், சில இடங்களில் டிசைனர். ஜெர்மன்காரர்கள் பலர் பதவியை அவர்கள் மொழியிலேயே போட்டிருப்பார்கள். கொள்முதலுக்கு அங்கே ஐன்காஃப் என்று பெயர், டச்சுக்காரர்களிடம் பையர் என்றால் இன்கோப்பர். எழுத்துக்கூட்டலைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையோடு டெக்ஸ்டைல் சேர்த்துத் தேடுங்க, நீங்கள் பார்க்காத ஆட்கள் வருவார்கள்.

அப்புறம் அந்த பிடிஎஃப். தினமும் காலையில் என் இன்பாக்ஸில் இப்படி நாலைந்து கிடக்கும், எல்லாம் 'டியர் சார்' என்றுதான் ஆரம்பிக்கும். நான் சார் இல்லை என்று போட்டோவைப் பார்த்தாலே தெரியும். ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. நானாகத் தேடிப்போய்ப் பேசிய ஒரே ஆள் சென்னிமலைப் பக்கத்துக்காரர். வாஃபிள் டவலை (கட்டம் கட்டமாகக் குழி விழுந்த நெசவு) துவைப்பதற்கு முன்னால் டேப் வைத்து அளந்து, துவைத்துக் காய்ந்ததும் மறுபடி அளந்து 40 விநாடி வீடியோ போட்டிருந்தார். வாஃபிள் நெசவு சுருங்கித் தொலைக்கும், கஸ்டமர் புகார் வரும், பையருக்கு அது தீராத தலைவலி. அந்தத் தலைவலி தெரிந்த ஆள் என்று பார்த்ததும் தோன்றியது. வீடியோவில் விலையும் இல்லை, கம்பெனி பெருமையும் இல்லை.

உங்கள் ஹெட்லைனில், அதாவது ப்ரொஃபைலில் பெயருக்குக் கீழே வரும் வரியில், என்ன போட்டிருக்கீங்க? மேனேஜிங் டைரக்டர் என்றா?

பழையசரக்கு:
பிரீமியத்துக்குக் காசு கட்ட வேண்டாம். முதலில் மாதக்கணக்கில் பதில் வராமல் கிடக்கும் இன்விடேஷன்களைத் திரும்ப எடுங்கள் (எடுத்தால் அதே ஆளுக்கு 3 வாரம் மறுபடி அனுப்ப முடியாது, அதனால் என்ன).

நான் லிங்க்ட்இனைத் தனியாக நம்புவதில்லை, கண்காட்சியோடு சேர்த்துத்தான். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சி நடக்கும் இல்லையா, நவம்பரிலேயே பையர்களுக்கு ரெண்டு வரி எழுதுவேன்: இந்த ஹாலில் இருப்பேன், 10 நிமிஷம் கிடைக்குமா என்று. ஸ்டாலுக்கு வந்தவர்களை ஆப்பில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து அங்கேயே சேர்த்துவிட்டு, அவர்கள் எந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார்கள் என்று கார்டின் பின்னால் கிறுக்கி வைப்பேன். ஊருக்கு வந்ததும் அந்தத் துணியைப் பற்றி மட்டும் எழுதுவேன். அப்படியும் என் முதல் ஆர்டருக்கு 14 மாதம் ஆனது, 1,200 ஏப்ரன். ஸ்டால் போட வசதி இல்லையென்றால் சும்மா சுற்றிப் பார்க்கவாவது ஒரு தடவை போய்வாருங்கள்.

சோஷியல் ஆடிட் சர்டிஃபிகேட் (தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று வெளியாட்கள் சோதித்துத் தருவது) இருந்தால் ப்ரொஃபைலில் மேலே போடுங்கள். 2023 ஜனவரியில் ஜெர்மனியில் சப்ளை செயின் சட்டம் வந்ததிலிருந்து பெரிய கம்பெனிகள் துணியைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அதைத்தான் கேட்கின்றன.

சூடுகண்டபூனை:
ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் தேடாமலே பையர் உங்களைத் தேடி வந்தால் உஷார். எனக்கு 'ரோட்டர்டாம்' ஆள் ஒருவர் வந்தார், அழகான ப்ரொஃபைல், 20,000 பீஸ் ஆர்டர், ஜிஎஸ்எம் (துணியின் சதுர மீட்டர் எடை) என்ன என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்புக்கு வரச் சொன்னார், அப்புறம் வெண்டர் ரெஜிஸ்ட்ரேஷன், வக்கீல் ஃபீஸ் என்று 38,000 ரூபாய். கட்டினேன். அத்தோடு ஆள் இல்லை.

மெயில் ஐடி கம்பெனி டொமைனில் இருக்கிறதா பாருங்க. டச்சுக் கம்பெனி என்றால் கேவிகே நம்பர் கேளுங்க, அவர்கள் ஊர் வர்த்தகப் பதிவேட்டில் நாமே தேடிப் பார்க்கலாம். நிஜ ஆர்டராகவே இருந்தாலும் அட்வான்ஸ் இல்லாமல் கடனுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் ஈசிஜிசி பாலிசி (பையர் பணம் தராவிட்டால் ஈடுகட்டும் அரசு நிறுவனக் காப்பீடு) இல்லாமல் சரக்கை ஏற்றாதீங்க.

கரூர்தறி:
அக்கா, மேனேஜிங் டைரக்டர் என்றேதான் இருந்தது. மானம் போச்சு. 'கிச்சன் டவல், ஏப்ரன், கரூர், 300 பீஸிலிருந்து' என்று இப்போது மாற்றிவிட்டேன், சின்னக் கடைக்காரர்களுக்கு 300 என்பது சௌகரியம் என்று நினைக்கிறேன். பழைய இன்விடேஷன் 410 எடுத்தாச்சு. நாளைக்கு ஒரு வாஃபிள் பீஸை மெஷினில் போட்டு வீடியோ எடுக்கிறேன்.

மெர்ச்சக்கா:
60 டிகிரியில் போடுங்க தம்பி. அங்கே கிச்சன் டவலை அந்தச் சூட்டில்தான் துவைப்பார்கள், நம் ஊர் பச்சைத்தண்ணீரில் சுருங்கவில்லை என்று காட்டினால் சிரிப்பார்கள்.