தொதல் காணோம், பூனை மேல் பழி: நாவலுக்கு இந்த முடிச்சு தாங்குமா?

முண்டுமிளகாய்:
கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ஒரு கற்பனை ஊர். கொலை, ரத்தம் இல்லாத துப்பறியும் நாவல். அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பால் சேர்த்துக் கிண்டும் இனிப்பான தொதலை விற்கும் கடை நடத்தும் லாத்தாதான் (முஸ்லிம் வீடுகளில் அக்கா) துப்பறிகிறார். கூட ஒரு பூனை, ஒரு சிப்பிப்பாறை நாய். மே மாதம். கல்யாண வீட்டுக்குக் கிண்டிய தொதலில் விடியும்போது ஒரு தாம்பாளம் குறைகிறது. "பூனை தின்னுருச்சு" என்கிறான் வேலையாள். நாய் மோப்பம் பிடித்து வழிகாட்ட, விசைப்படகு மீன் வந்திறங்கும் ஏலத்தில் உண்மை வெளியாகிறது. எது எது உதைக்கும்?

வாலாட்டி:
பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. அதை உணர வேண்டிய மரபணு பூனை இனத்தில் செயலிழந்தது. ஆனால் இதை மட்டும் வைத்து வேலையாளை மடக்காதீர்கள். தேங்காய்ப்பால் கொழுப்புக்கும் நெய்க்கும் பூனை மேலாக நக்கிப் பார்க்கும். தாம்பாளத்தைக் காலி செய்யாதுதான். நல்ல தடயம் பிசுக்கு: தொதலில் வாய் வைத்த பூனைக்கு மீசையிலும் முன்னங்காலிலும் ஒட்டிக்கொள்ளும், எறும்பு வரும். உங்கள் பூனை சுத்தமாக இருந்தால் லாத்தாவுக்கு அதுவே போதும்.

நாயை மாற்றுங்கள். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய், மோப்ப வேலைக்குப் பேர்போனதல்ல. சாதாரணத் தெருநாய் இந்தக் கதைக்கு நன்றாகப் பொருந்தும்.

அத்தியாயத்துக்கு ஒருதரம் பூனைக்கு மீன்குழம்பு ஊற்றும் எண்ணம் இருந்தால் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சோர்வும் வெளுப்பும் சில நாள் கழித்துத்தான் தெரியும். உப்பில்லாமல் வேகவைத்து முள் எடுத்த காரல் மீன் கொடுக்கட்டும். கருவாடும் கூடாது, உப்பு அதிகம்.

கருப்பட்டிப்பாகு:
உங்கள் முடிச்சைவிடத் தொதலுக்குள்ளேயே நல்ல முடிச்சு இருக்கிறது. அரை கிலோ பச்சரிசி மாவுக்கு ஒரு கிலோ கருப்பட்டி, ஐந்து தேங்காய்ப் பால் என்று வையுங்கள். கருப்பட்டியைக் கரைத்து மண் போக வடிகட்ட வேண்டும். மாவை இரண்டாம் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு முதல் பால். கல்யாண அளவென்றால் விறகடுப்பில் மூன்று, நான்கு மணி நேரம் துடுப்பை நிறுத்தாமல் கிண்டணும். எண்ணெய் பிரிந்து, சட்டியை விட்டுச் சுருண்டு வந்தால்தான் பதம். கெட்டியாகிற நேரத்தில் ஆள் விலகினால் அடிப்பிடிக்கும். துடுப்பால் அடியைச் சுரண்டிவிட்டால் தீய்ந்த கசப்பு மொத்தத்திலும் இறங்கும், ஏலக்காய் எவ்வளவு போட்டாலும் மறையாது. சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் உடனே வேறு சட்டிக்கு மாற்றினால் பிழைக்கும். ஆனால் அளவு குறையும்.

ஆக, திருட்டே நடக்கவில்லை. வேலையாள் அடுப்பை விட்டுப் போயிருக்கிறான், தீய்ந்த அடியை ஒளித்திருக்கிறான். குறைந்த தாம்பாளம் நிரம்பவே இல்லை. நாய் தோண்டி எடுக்க வேண்டியது அந்தக் கரிக்கட்டியைத்தான்.

இன்னொன்று, சூட்டில் வெட்டிய தொதல் ஓரம் சரிந்து மழுங்கும். இரவு முழுக்க ஆறியது கத்தி போட்ட இடத்தில் கூர்மையாக நிற்கும். "ராத்திரியே வெட்டித் தின்னாங்க" என்று யாராவது சொன்னால் லாத்தா ஓரத்தைப் பார்த்தால் போதும்.

கச்சான்காற்று:
ஏலக் காட்சி மேயில் நடக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. வள்ளம், நாட்டுப்படகு மீன்தான் வரும். வரத்து குறைவு, விலை அதிகம். உங்கள் ஊர் மன்னார் வளைகுடாப் பக்கம் என்பதால், மே கடைசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வலுத்தால் அவையும் இழுத்துக் கட்டிக் கிடக்கும். கூட்டம் வேண்டுமென்றால் கதையை ஜூலைக்குத் தள்ளுங்கள்.

முண்டுமிளகாய்:
திருட்டே இல்லை என்பதை எடுத்துக்கொள்கிறேன், மாதம் மேயாகவே இருக்கட்டும். ஒரு சந்தேகம்: அடிப்பிடித்த சட்டியை விடிவதற்குள் தேய்த்துவிட முடியுமா?

கருப்பட்டிப்பாகு:
தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால் கரி இளகும். பிறகு புளியும் சாம்பலும். பித்தளைச் சட்டியென்றால் உள்பக்கம் பளபளப்பாகிவிடும். தினமும் புழங்கும் சட்டிக்கு அந்தப் பளபளப்பு வராது. லாத்தா அதைக் கவனிக்கட்டும்.