கார்ட்டா காசா: கடையில நிண்டு அந்தரப்பட்ட அனுபவங்களைச் சொல்லுங்கோ

பரந்தன் சந்தி:
போன மாசியில நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகேல்ல. மகளுக்கு இரவு காய்ச்சல் 103. தூக்கிக்கொண்டு கிளிநொச்சி ரவுணில பாமசிக்கு ஓடினனான். பேர்சுக்க ஒரு 100 ரூபாத் தாள் தான். கொஞ்சக் காலமா எனக்கு எல்லாம் டெபிட் கார்ட் தானே. பில் 1,840. பின் நம்பர் அடிச்சன், மெஷின் சுத்திச் சுத்திக் கடைசியில சரிவரேல்ல எண்டு துண்டு வந்தது. அதே நேரம் போனில எஸ்எம்எஸ், 1,840 கழிஞ்சிட்டுது எண்டு. காட்டினன். "எங்களுக்கு வரேல்லையே அண்ணை" எண்டு கவுண்டரில நிண்ட பிள்ளை சொன்னா. அவவிலயும் பிழையில்லை. மருந்துப் பை அந்தப் பக்கம், மகள் என்ர தோளில கொதிச்சுக்கொண்டு இந்தப் பக்கம்.

பின்னால நிண்ட ஒரு அம்மா இடுப்பில செருகியிருந்த சின்னப் பேர்சை எடுத்து இரண்டு ஆயிரம் தாளை வைச்சா. "முதல்ல பிள்ளையைக் கொண்டு போ தம்பி." போன் நம்பர் கேட்கத் திரும்பினன், மகள் சத்தி எடுத்திட்டாள், வெளியால ஓடினன். திரும்பி வர அவ இல்லை. அந்தக் காசை நான் இன்னும் திருப்பிக் குடுக்கேல்ல.

மல்லாவிக் கடை:
கடைக்காரன் பக்கத்தையும் ஒருக்காக் கேளுங்கோ. சீனி கிலோ 240 எண்டு வித்தால் எனக்கு மிஞ்சுறது 8 ரூபா. கார்ட்டில எடுத்தால் பாங்க் 2.5 வீதம் கழிக்குது, அது 6 ரூபா. சாமான் கொண்டு வாற லொறிக்காரருக்குக் கையில காசு வைக்க வேணும், கார்ட் காசு எனக்கு உடனே கைக்கு வராது. எங்கட சனத்தின்ர கடன் அட்டை, கடையில கடன் எழுதுற கொப்பி தான். காலபோகம் வெட்டி நெல்லு வித்தாப்பிறகு வந்து கட்டுவினம். அதுக்கு வட்டியும் இல்லை.

ஆனால் நான் எழுத வந்தது வேற. போன வருஷம் ஒரு பெடியன், கொழும்பில புதுசா வேலை எடுத்தவன், வந்து "அப்பாவின்ர கொப்பியை மூடுங்கோ" எண்டு கிரெடிட் கார்ட்டை நீட்டினான். 31,000. நான் வழமை போல 3 வீதம் கூட்டி 31,930 அடிச்சன். பெடியன் ஒண்டும் கதைக்கேல்ல. தகப்பன் வாசலில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், துண்டை வாங்கிப் பாத்தார், என்னைப் பாத்தார். பதினொரு வருஷம் என்ர கடையில தான் சாமான் எடுத்தவர். அந்த 930 ரூபாவை ஏன் வாங்கினனான் எண்டு இப்பவும் யோசிக்கிறன்.

ஓமந்தை:
மல்லாவி அண்ணை, குறை நினைக்காதேங்கோ, அது பிழை தான். கார்ட்டுக்கு எண்டு வாடிக்கையாளரிட்டக் கூட எடுக்கக் கூடாது எண்டு மத்திய வங்கியே அறிவிச்சிருக்கு. கழிவு கடைக்கும் பாங்குக்கும் உள்ள ஒப்பந்தம், அதுக்குள்ள நாங்கள் இல்லை. எனக்கும் வவுனியாவில ஒரு போன் கடையில 3 வீதம் கூட்டினவை, நான் போனைத் திருப்பி வைச்சிட்டு வந்தனான். என்ர கதை அவ்வளவு தான்.

இனி எல்லாருக்கும் சொல்லுறன். கூட அடிச்சால் துண்டை எறியாதேங்கோ, உங்கட கார்ட்டைத் தந்த பாங்குக்கு அறிவியுங்கோ. பாங்க் கவனிக்காட்டி மத்திய வங்கியின்ர 1935 க்கு அடியுங்கோ. பரந்தன் அண்ணையின்ர மாதிரி மெஷின் சரிவரேல்ல எண்டு துண்டு தந்தும் காசு கழிஞ்சால், அந்தத் துண்டு, எஸ்எம்எஸ், நேரம் மூண்டையும் வைச்சுக்கொண்டு கார்ட்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்கு அடியுங்கோ. கடைக்காரரோட சண்டை பிடிச்சுப் பிரயோசனமில்லை, காசு அவையிட்டப் போகேல்ல. கடைக்காரர் ஆக்கள் போனால ஸ்கேன் பண்ணிக் காசு கட்டுற லங்காகியூஆரை ஒட்டி வையுங்கோ, மெஷினை விடக் கழிவு குறைவு. கிராமத்துக்கு டெபிட் காணும். கிரெடிட் கார்ட் எடுத்தால் மாசக் கடைசியில முழுக்கக் கட்டுங்கோ, ஏலாட்டி எடுக்காதேங்கோ. ஏரிஎம்மில கிரெடிட் கார்ட்டைப் போட்டுக் காசு எடுக்கவே கூடாது, எடுத்த நாளில இருந்தே வட்டி ஓடும், அதுக்கு மேல கட்டணமும் இருக்கு. வயசானவையின்ர பின் நம்பரைக் கார்ட் உறையில எழுதி வைக்காதேங்கோ.

ஒட்டுசுட்டான் அக்கா:
தம்பி, "முழுக்கக் கட்டுங்கோ" எண்டு சொல்லுறது லேசு. நான் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன். பாங்கில இருந்து பள்ளிக்கூடத்துக்கே வந்து படிவம் நிரப்பிக் கிரெடிட் கார்ட் தந்தவை. தங்கச்சிக்குத் தையல் மெஷினும் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடச் சாமானுமா 48,000. மாசம் கட்ட வேண்டிய குறைஞ்ச தொகை எண்டு போட்டிருந்த 2,400 ஐக் கட்டிக்கொண்டு வந்தன். 2020 இல கடன் அட்டை வட்டிக்கு வருஷம் 18 வீதம் எண்டு எல்லை போட்டிருந்தவை, 2022 சித்திரையில அதை எடுத்தாப்பிறகு 30 ஐயும் தாண்டினது. மாசம் 2.5 எண்டு வைச்சாலே 48,000 க்கு 1,200. நான் கட்டினதில பாதி வட்டிக்குப் போயிருக்கு, எனக்கு ஏழாம் மாசம் தான் விளங்கினது.

அந்த நேரம் வவுனியாவில ஒரு பெரிய கடையில பில் போட்டு முடிய, கார்ட் வேலை செய்யேல்ல. லிமிட் முடிஞ்சுது. காசாக் கிடந்தது 3,000. பால்மாவையும் அரிசியையும் வைச்சுக்கொண்டு மற்றச் சாமானை ஒவ்வொண்டாத் திருப்பி எடுக்கினம், மகன் கேட்டான்: "அம்மா, ஏன் எங்கட சாமானை எடுக்கினம்?" ஐஞ்சு வயசு. பின்னால வரிசையில என்னட்டப் படிச்ச பிள்ளையின்ர தாய். கார்ட்டை வெட்டி எறிஞ்சன், ஆனால் கடனைக் கட்டி முடிக்க இன்னும் ஒண்டரை வருஷம் எடுத்தது.

புதுக்குடியிருப்பு:
எல்லாரும் கார்ட்டைப் பற்றிக் கதைக்கிறியள். என்ர அம்மாவுக்கு அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிக் காசு பாங்குக்குத் தான் வருது. கார்ட் இருக்கு, ஆனால் வந்த அண்டைக்கே முழுக்க எடுத்துக் கையில தரச் சொல்லுவா. போன மாசம் நான் கொஞ்சம் கத்திப்போட்டன், "பாங்கில கிடந்தால் உங்களுக்கு என்ன?" எண்டு. அவ ஒண்டும் சொல்லேல்ல, தாளை எல்லாம் முழங்காலில வைச்சு நீவி நீவி எண்ணினா.

அப்ப தான் ஞாபகம் வந்தது. 2009 இல சண்டை முடியேக்க நந்திக்கடலால வரேக்க சீலைத் தலைப்பில முடிஞ்சு கொண்டு வந்த காசு முழுக்க உப்புத்தண்ணியில ஊறினது. மெனிக்பாம் முகாமில கூடாரக் கயித்தில தாளைக் காயவிட்டு, காய்ஞ்சாப்பிறகு இப்பிடித் தான் முழங்காலில வைச்சு நீவினவ. புலிகளின்ர பாங்க், தமிழீழ வைப்பகத்தில போட்டது போட்டபடி போயிட்டுது. கையில கொண்டு வந்த காசில தான் எங்களுக்குச் சவுக்காரமும் பிஸ்கட்டும் வாங்கித் தந்தவ. அவவிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேட்கேல்ல.

ஓமந்தை:
ஐயா, விளங்குது. ஆனால் அவ்வளவு காசையும் வீட்டில வைச்சிருக்கிறதும் ஆபத்து. களவு நடக்குது. பாதியை எண்டாலும் பாங்கில விடச் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்பு:
தம்பி, அவவின்ர காசு. அவவே பாத்துக்கொள்ளட்டும்.

முள்ளியவளை:
2025 கார்த்திகைக் கடைசி, தித்வா புயல். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை, ஏரிஎம்மும் செத்துக் கிடந்தது. நான் கெட்டிக்காரன் எண்டு முதல் நாளே காசு எடுத்து வைச்சிருந்தனான். நாலு 5,000 ரூபாத் தாள். கடையில 620 ரூபாவுக்கு அரிசியும் மெழுகுதிரியும் எடுத்தால் மாத்துக் காசு இல்லை. எல்லாரும் 5,000 ஓட தான் நிக்கிறம். கடைக்கார அண்ணை டோர்ச் வெளிச்சத்தில பழைய கொப்பியைத் திறந்து பேரை எழுதினார். என்ர பேருக்கு மேல என்ர அப்பாவின்ர பேர் கிடந்தது, 2016 இல எழுதி வெட்டினது. அப்பா இப்ப இல்லை. அரிசியைத் தூக்காமல் கன நேரம் அதைப் பாத்துக்கொண்டு நிண்டன். இப்ப வீட்டில பிஸ்கட் டின்னுக்க 100, 50 தாளா 3,000 ரூபா எப்பவும் இருக்கு.

மல்லாவிக் கடை:
ஓமந்தைத் தம்பி, 3 வீதம் கூட்டுறதை நிப்பாட்டிட்டன். கியூஆருக்குக் குடுத்திருக்கு. அந்தத் தகப்பன் இப்ப என்ர கடைக்கு வாறேல்ல, ஒருக்கா வீட்ட போக வேணும்.

பரந்தன் சந்தி:
கேட்ட ஆக்களுக்கு: ஓம், பாங்க் காசைத் திருப்பிப் போட்டது, ஒன்பது நாள் எடுத்தது. அந்த அம்மாவுக்கு எண்டு 2,000 ஐ ஒரு உறையில போட்டுப் பாமசியில குடுத்து வைச்சிருக்கிறன். வெள்ளையில நீலப் பூப்போட்ட சீலை, இடது கையில கட்டுப் போட்டிருந்தவ. அந்தக் கட்டைப் பாத்து அடையாளம் பிடிக்கலாம் எண்டு நினைச்சன், அது இப்ப ஆறியிருக்கும். நேற்றும் போய்க் கேட்டனான், உறை லாச்சிக்க அப்பிடியே கிடக்குது.