சுவாச சிகிச்சை படிக்கப் போகும் தங்கைக்கு வழிகாட்ட யாராவது இருக்கிறீர்களா?

அக்காமார், அண்ணாமாருக்கு வணக்கம். நாங்கள் களுவாஞ்சிக்குடி. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தமிழ்மொழியில் படித்த என் தங்கைக்கு, கனடாவின் ஒன்ராறியோவில் ஒரு கல்லூரியில் மூன்று ஆண்டு சுவாச சிகிச்சைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பாவின் ஆஸ்துமாவைப் பார்த்து வளர்ந்தவள். வேறு எதையும் படிக்கமாட்டேன் என்று நிற்கிறாள்.

இப்போதே தொடங்கிவிட்டாள். நாடிக் குருதியின் பீஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7.35 முதல் 7.45 வரை, காபனீரொட்சைட்டின் பகுதியமுக்கம் 35 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் என்று பழைய கலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். பீஎச் குறைந்து காபனீரொட்சைட்டு கூடினால் கோளாறு சுவாசத்தில் என்பது விளங்குகிறது. சிறுநீரகம், அமிலத்தைத் தணிக்கும் இருகாபனேற்றைக் கூட்டி ஈடுசெய்யும் இடத்தில்தான் தடுமாறுகிறாள். செயற்கைச் சுவாசம் கொடுக்கும் வென்டிலேட்டர் இயந்திரத்தின் திரையில் வரும் அமுக்க, கனவளவு வரைபுகள் அதைவிடக் கடினம். படத்தைப் பார்த்து மட்டும் எப்படிப் பிடிபடும்?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் தாதியர், வைத்தியர்கள், இயன்மருத்துவர்கள் யாராவது ஒரு மாலை நேரம் அவளுக்கு விளக்க முடியுமா? எங்கே என்றாலும் நானே கூட்டிவருவேன்.

கனடாவில் இதே படிப்பை முடித்த நம்மவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. முதல் தவணையில் எந்தப் பாடம் ஆளை விழுத்தும், மருத்துவமனைப் பயிற்சிக் காலத்தில் பகுதிநேர வேலை சாத்தியமா என்று தெரியவேண்டும். வீட்டுச் செலவுக் கணக்கு அதில்தான் தங்கியிருக்கிறது. பழைய பாடநூல்கள் இருந்தாலும் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம். உட்பெட்டியில் எழுதுங்கள்.