புதுப்பிப்பு: 1957 கோபெக் காசு, 1961க்குப் பிறகு

சோவியத் ஒன்றியத்தின் 1957ஆம் ஆண்டு 1 கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) காசின் படத்தைப் போட்டு, 1961 பணச் சீர்திருத்தத்தில் இது செல்லாக்காசாகிவிட்டதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது. செல்லாமல் போகவில்லை, மதிப்புதான் கூடியது!

1961 ஜனவரி 1 முதல் பழைய 10 ரூபிளுக்குப் புதிய 1 ரூபிள். சம்பளம், விலை, சேமிப்பு எல்லாமே பத்தில் ஒன்றானது. ஆனால் 1, 2, 3 கோபெக் காசுகளை மட்டும் அதே மதிப்பில் புழங்க விட்டார்கள். உண்டியலில் செப்புக்காசாகச் சேர்த்து வைத்தவர்களுக்கு ஒரே இரவில் பத்து மடங்கு. திட்டமிட்ட பொருளாதாரத்தில் இப்படியொரு அதிர்ஷ்டம் சில்லறைக்கு வாய்த்தது எனக்கு இன்னும் வியப்புதான்.

அதன்பின் 1 கோபெக்குக்கு ஒரு தீப்பெட்டி கிடைத்தது. தெரு இயந்திரத்தில் அதே காசைப் போட்டால் ஒரு கிளாஸ் வெறும் சோடா. சிரப் கலந்தது வேண்டுமென்றால் 3 கோபெக். கிளாஸ் பொதுவானது. கவிழ்த்து அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சி அலசும், அடுத்தவர் அதிலேயே குடிப்பார்.

அப்புறம், லென்ஸ் வைத்துக் காசிலுள்ள அரசுச் சின்னத்தைப் பாருங்கள். கதிர்க்கட்டைச் சுற்றிய நாடாவின் சுற்றுகள் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 7, அடியில் 1. ஒரு சுற்றுக்கு ஒன்றியத்தின் ஒரு குடியரசு. ஆக 15 குடியரசுகள். 1956 காசில் 16 இருக்கும். கரேலிய-பின்னியக் குடியரசை அந்த ஆண்டுதான் ரஷ்யக் குடியரசோடு இணைத்தார்கள். 1956 காசு யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.