ஆறு வருஷமாக சிஎன்சி ஆபரேட்டர், அடுத்த படிக்கு எப்படிப் போவது?

கணபதி_டர்னிங்:
எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஆறு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூர் கணபதி பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டர்னிங் சென்டர் (கணினி கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி கடைசல் மெஷின்) ஓட்டுகிறேன். ஜாப் (மெஷினில் கடையும் உதிரிபாகம்) ஏற்றுவது, அளவு பார்ப்பது, தேய்ந்த இன்செர்ட்டை (வெட்டும் முனை) மாற்றுவது, ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) கொடுப்பது, இவ்வளவுதான் என் ஷிஃப்ட். செட்டர் (மெஷினைத் தயார் செய்து புரோகிராம் எழுதுபவர்) எழுதிய புரோகிராமைப் படித்தால் ஜி71, ஜி76 மாதிரி கட்டளைகள் எல்லாம் புரிகிறது, ஆனால் வெறும் தாளைக் கொடுத்து நீயே எழுது என்றால் எங்கே ஆரம்பிப்பது என்றே தெரிவதில்லை.

என்னோடு வேலைக்குச் சேர்ந்த நண்பர் செட்டர் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. எனக்கு வருஷத்துக்கு வருஷம் சில நூறு ரூபாய் ஏறுகிறது, அவ்வளவுதான். ஒரு பயிற்சி மையத்தில் கேட்கேம் (கணினியில் டிராயிங்கும் மெஷின் புரோகிராமும் செய்வது) படிப்புக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். வீட்டில் பார்ட் டைம் பி.இ. சேரச் சொல்கிறார்கள். இரண்டில் எது? ஆங்கிலமும் ஒரு பயம். ஆடிட்டுக்கு (தரச் சோதனைக்கு) வந்தவர்கள் மெஷின் பக்கத்தில் நின்று ஏதாவது கேட்டால், தெரிந்த பதில்கூட வாயில் வருவதில்லை.

ஓசூர்_செட்டர்:
தம்பி, பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நானும் ஐந்து வருஷம் ஆபரேட்டராக இருந்தவன்தான், என்னை மேலே தூக்கியது அந்த நோட்டு.

எங்கள் லைனில் ஒரு ஷாஃப்ட் ஓடியது, 25 எச்7, அதாவது விட்டம் 25.000 முதல் 24.979 மில்லிமீட்டர் வரை, மொத்தம் 21 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடம். காலையில் நன்றாக ஓடும், சாப்பிட்டுவிட்டு வந்து போடும் முதல் இரண்டு மூன்று ஜாப் மட்டும் அளவு தாண்டிவிடும். எல்லாரும் ஆஃப்செட்டை மாற்றுவார்கள், அரை மணி நேரத்தில் மெஷின் சூடேறியதும் அளவு அந்தப் பக்கம் ஓடும், மறுபடி மாற்றுவார்கள். நான் ஒவ்வொரு முறையும் நேரம், ஜாப் நம்பர், மைக்ரோமீட்டர் காட்டிய அளவு, கொடுத்த ஆஃப்செட், இன்செர்ட் போட்டு எத்தனையாவது ஜாப் என்று எழுதி வைத்தேன். ஒரு மாதம் எழுதிய பிறகு பார்த்தால், தப்பான ஜாப் பெரும்பாலும் மெஷின் நின்றுவிட்டுக் கிளம்பிய நேரத்தில்தான். இன்செர்ட்டில் குறை இல்லை. ஸ்பிண்டில் (ஜாப்பைச் சுழற்றும் தண்டு) ஆறிப்போய்விடுகிறது. இடைவேளை முடிந்ததும் பத்து நிமிஷம் ஜாப் இல்லாமல் ஸ்பிண்டிலையும் அச்சுகளையும் ஓட விட்டோம், முக்கால்வாசி நின்றுபோனது. அந்த நோட்டைத்தான் சூப்பர்வைசர் பிளான்ட் ஹெட்டிடம் காட்டினார், அடுத்து செட்டர் இடம் காலியானபோது என் பெயர் முதலில் வந்தது.

அப்புறம் புரோகிராம். ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்பின் டிராயிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, செட்டர் எழுதியதைப் பார்க்காமல், வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி பாருங்கள், அவர் ஏன் அங்கே ஃபீடைக் (டூல் நகரும் வேகம்) குறைத்தார், ஏன் ஃபினிஷிங்குக்கு அவ்வளவு உலோகம் மிச்சம் விட்டார் என்று கேட்டால் எந்த செட்டரும் சொல்லித் தருவார். அனுமதி வாங்கி மெஷினில் போட்டுப் பார்க்கும்போது வொர்க் ஷிஃப்டில் (புரோகிராமின் தொடக்கப் புள்ளியை நகர்த்தும் இடம்) ஜாப்பை விட்டு 100 மில்லிமீட்டர் தள்ளி வைத்து, சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேப்பிடை (வெட்டாமல் நகரும் வேகம்) மிகக் குறைவாக வைத்து ஓட்டுங்கள். சக்கில் (ஜாப்பைப் பிடிக்கும் பகுதி) டரட்டை (டூல்களைத் தாங்கும் பகுதி) மோதவிட்டால் ஆறு வருஷம் சேர்த்த நல்ல பெயர் ஒரு நொடியில் போய்விடும்.

கேஜ்ரூம்:
அண்ணா சொன்ன நோட்டு விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன். நான் குவாலிட்டியில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். எங்களிடம் வேலைக்கு வருபவர்களில் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் நிறைய, ஒரு ஜாப் ஏன் ரிஜெக்ட் ஆனது என்று கோர்வையாகச் சொல்பவர்கள்தான் குறைவு.

தம்பி, உங்களுக்குக் குவாலிட்டி பக்கமும் ஒரு வழி திறந்திருக்கிறது, அதையும் யோசியுங்கள். வாகன உதிரிபாகத் தொழிலில் ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரச் சான்று) இல்லாமல் பெரிய ஆர்டர் கிடைப்பது கஷ்டம், அதற்காக எஃப்எம்இஏ, எஸ்பிசி, எம்எஸ்ஏ, பிபிஏபி, ஏபிக்யூபி என்று தரக் கட்டுப்பாட்டு முறைகள் ஐந்தும் தெரிந்த ஆள் எந்தக் கம்பெனிக்கும் வேண்டும். பெயர்களைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பாதியை நீங்கள் ஏற்கெனவே கையால் செய்கிறீர்கள். ஒரே ஜாப்பை நீங்கள் அளந்தால் 24.985, அடுத்த ஷிஃப்ட் ஆள் அளந்தால் 24.990 வருகிறது என்று சண்டை வருமே, அதைச் சோதிப்பதுதான் எம்எஸ்ஏ. கேஜ் ஆர் அண்ட் ஆர் (அளக்கும் முறையால் வரும் வேறுபாடு) பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, முப்பதைத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பி எதையும் பாஸ் செய்யவும் கூடாது, ரிஜெக்ட் செய்யவும் கூடாது.

ஆங்கிலம் பற்றி. நான் தமிழ் மீடியம்தான். முதல் ஆடிட்டில் எதிரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி, இந்த அளவை எத்தனை ஜாப்புக்கு ஒருமுறை பார்க்கிறீர்கள் என்று. கண்ட்ரோல் பிளானில் (எதை எப்போது அளப்பது என்ற திட்டத்தாள்) அது எழுதியிருந்தது, எனக்கும் தெரியும், தொண்டை அடைத்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஒரு பிரச்சினையை ஐந்து சின்ன வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதினேன்: என்ன நடந்தது, எங்கே பிடித்தோம், ஏன் வந்தது, என்ன செய்தோம், மறுபடி வந்ததா. எழுதிவிட்டு சத்தமாக வாசிப்பேன். நம் தொழிலில் திரும்பத் திரும்ப வருவது ஒரு இருநூறு முந்நூறு சொல்தான், ஆறு மாதத்தில் அவை வாய்க்குப் பழகிவிடும். பொதுவான ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு எனக்கு அவ்வளவாக உதவவில்லை.

ஈவினிங்பேட்ச்:
பார்ட் டைம் பி.இ. முடித்தவன் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன். கோவையில் ஜிசிடி, சிஐடி, பிஎஸ்ஜி கல்லூரிகள் மூன்றிலும் மாலை வகுப்பு நடத்தி வந்திருக்கிறார்கள். இந்த வருஷம் எங்கே மெக்கானிக்கல் இருக்கிறது, எத்தனை இடம் என்பதை விண்ணப்பம் வரும்போது நேரிலேயே போய்க் கேளுங்கள். உங்கள் நைட் ஷிஃப்டை யோசிக்காமல் சேராதீர்கள். வாரம் மாறும் ஷிஃப்டில் இருந்துகொண்டு முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தேன், பிறகு எச்ஆரிடம் பேசி ஜெனரல் ஷிஃப்ட் வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. சம்பளம் உடனே ஏறவில்லை. ஆனால் விளம்பரத்தில் பி.இ. என்று கேட்கும் வேலைக்கெல்லாம் விண்ணப்பிக்க முடிந்தது, அடுத்த கம்பெனிக்கு மாறியபோது அதன் பலன் தெரிந்தது.

வீட்டிலிருந்தே அஞ்சல் வழியில் பி.இ. என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படிக் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணத்தையும் கொடுத்து வருஷத்தையும் தொலைத்தவர்கள் எத்தனை பேர்.

அந்த 45,000-ஐ இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள். என்பிடெல்லில் (இணையவழிப் பாடத் தளம்) ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் உற்பத்தித் துறைப் பாடங்கள் இருக்கின்றன, ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், பார்ப்பது இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். வாராவாரம் அசைன்மென்டுக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75 மதிப்பெண். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு பன்னிரண்டு வாரப் பாடத்தை உங்களால் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். அதை முடித்தால் பி.இ.யும் முடியும்.

கணபதி_டர்னிங்:
அண்ணா, அக்கா, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துவிட்டு அன்றைக்கே நோட்டு வாங்கிவிட்டேன், இன்றோடு பதினோரு நாள். கேட்கேம் மையத்துக்கு இப்போது வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பி.இ. பற்றி எச்ஆரிடம் ஷிஃப்ட் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

ஓசூர் அண்ணா, ஒரு சந்தேகம். எனக்கு இடைவேளைக்குப் பிறகு பெரிய மாற்றம் இல்லை. ஆனால் புது இன்செர்ட் போட்டால் முதல் நாலைந்து ஜாப் 6, 7 மைக்ரான் கூடுதலாக வந்து, அப்புறம் தானாக நிற்கிறது. மூன்று முறை இதே மாதிரி எழுதியிருக்கிறேன்.

ஓசூர்_செட்டர்:
நல்ல கவனிப்பு தம்பி. இன்செர்ட் போடும் முன் சீட்டைக் (அது உட்காரும் இடம்) காற்றடித்துத் துடைக்கிறீர்களா, கிளாம்ப் ஸ்குரூவை ஒரே இறுக்கத்தில் வைக்கிறீர்களா? அடுத்த மூன்று முறை அதையும் எழுதி, இதிலேயே போடுங்கள்.