கியூஃபீல்டில் குறித்த கன்றுகள் கண்மாய்க்குள் விழுகின்றன: கணக்கு எடுப்பது எப்படி?

ஊருணிக்கரை:
தேவகோட்டைப் பக்கம் கண்மாய் வரத்துக்கால் ஓரமாக 2.4 ஹெக்டேரில் சீமைக்கருவேலத்தை அகற்றி, மருதம், நாவல், புங்கன், வேம்பு நட்டிருக்கிறோம். இடைவெளி 3 மீட்டர். இரண்டு போனில் கியூஃபீல்டு என்ற வரைபடச் செயலியை வைத்து ஒவ்வொரு கன்றையும் புள்ளியாகக் குறித்தோம். மறுமுறை போனால் எந்தப் புள்ளி எந்தக் கன்று என்றே தெரியவில்லை. சில புள்ளிகள் தண்ணீருக்குள் நிற்கின்றன. வரைந்த நிலத்தின் பரப்பு 0.000002 என்று வருகிறது. இரண்டு கோப்பையும் சேர்த்தால் 'எஃப்ஐடி' பிழை. செயற்கைக்கோள் படத்திலும் பசுமை போன வருடத்தைவிடக் குறைவு. கன்றுகள் பட்டுவிட்டனவா?

வரத்துக்கால்:
பரப்பு சதுர டிகிரியில் வந்திருக்கிறது. லேயரை ஈபிஎஸ்ஜி 32644 என்ற, மீட்டரில் அளக்கும் ஆயமுறைக்கு (யூடிஎம் மண்டலம் 44) மாற்றிச் சேமியுங்கள் அண்ணே; சதுர மீட்டரில் வரும், 10,000-ஆல் வகுத்தால் ஹெக்டேர். நம் பக்கம் 78 டிகிரி தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பதால் மண்டலம் 44தான்.

எஃப்ஐடி என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் தானாக விழும் வரிசை எண். இரண்டு போனும் 1, 2, 3 என்று ஒரே எண்களைப் போட்டதால்தான் அந்தப் பிழை. தற்காலிக லேயராகச் சேர்த்து, எஃப்ஐடி பத்தியை நீக்கிவிட்டு, பிறகு ஜியோபேக்கேஜ் என்ற வரைபடக் கோப்பாகச் சேமியுங்கள். இனிமேல் 'யூயூஐடி' (எந்தப் போனிலும் திரும்ப வராத தனி அடையாள எண்) என்று ஒரு பத்தி வைத்து, அதன் இயல்பு மதிப்பில் uuid() என்ற சூத்திரத்தைக் கொடுங்கள். மரப்பெயரையும் பட்டியலிலிருந்து தேர்வு செய்ய வையுங்கள். ஆளுக்கொரு விதமாக 'புங்கை', 'புங்கன்', 'புங்கம்' என்று அடித்தால் மூன்று இனமாகிவிடும்.

செம்புறாங்கல்:
போன் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் தவறும். உங்கள் இடைவெளியே 3 மீட்டர். ஒற்றைக் கன்றை அதில் அடையாளம் காண முடியாது. அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

மாதிரி வட்டம் போடுங்கள். 5.64 மீட்டர் கயிற்றை முளையில் கட்டிச் சுற்றினால் 100 சதுர மீட்டர், அதில் ஏறக்குறைய 11 கன்று இருக்கும். 12 வட்டம் போட்டால் நிலத்தில் 5 சதவீதம். நடுவில் கல் நட்டு எண்ணைப் பெயிண்டில் எழுதுங்கள். ஜிபிஎஸ் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால் போதும், மீதியைக் கல் காட்டும். வடக்கிலிருந்து வலஞ்சுற்றாக எண்ணி உயிர், உயரம், ஆடு கடித்ததா என்று மட்டும் பதியுங்கள்.

பசுமை குறைந்ததற்குக் காரணம் சீமைக்கருவேலம் போனதுதான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர். முழங்கால் உயரக் கன்று அதில் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் படத்துக்கு வேறு நல்ல பயன் உண்டு. ஏப்ரல், மே மாதப் படங்களை வருடாவருடம் ஒப்பிடுங்கள். அப்போது புல் காய்ந்திருக்கும்; அந்த நேரத்திலும் பச்சை ஏறுகிற கட்டங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சீமைக்கருவேலத்தை. வேர்க்கட்டை மண்ணில் தங்கியிருந்தால் மறுபடி துளிர்க்கும். டிசம்பர் படத்தில் எல்லாமே பச்சை, பிரித்தறிய முடியாது.

ஊருணிக்கரை:
12 வட்டம் எங்கெங்கே? வாய்க்கால் ஓரம் நன்றாக வருகிறது, மேட்டில்தான் காய்கிறது.

செம்புறாங்கல்:
கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள், நல்ல இடத்துக்கே கை போகும். ஓரம், மேடு இரண்டையும் தனித்தனிப் பாலிகனாக (எல்லை வடிவமாக) வரைந்து, கணினி வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் பாலிகனுக்குள் ரேண்டம் புள்ளி போடும் கருவியில் ஒவ்வொன்றிலும் 6, குறைந்தபட்ச இடைவெளி 15 மீட்டர் என்று கொடுங்கள். பிழைப்பு விகிதத்தையும் தனித்தனியாகவே போடுங்கள். சேர்த்துச் சராசரி எடுத்தால் மேட்டின் சாவு மறைந்துபோகும். அங்கே பட்டுப்போனது பெரும்பாலும் மருதம், நாவல் என்றால் அதே கன்றை மறுபடி நடாதீர்கள். செம்புறாங்கல் மேட்டுக்கு உசில், வெப்பாலை வையுங்கள்.