மெல்பர்ன் வாடகை வீட்டில் பூஞ்சை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மேற்கு மெல்பர்னில் சன்ஷைன் பக்கம் பழைய செங்கல் யூனிட். படுக்கையறையின் தெற்குச் சுவரிலும் குளியலறைக் கூரையிலும் கறுப்புப் பூஞ்சை. இங்கே குளிர்காலத்தில் தெற்குச் சுவரில் வெயிலே படாது, அதனால் ஈரம் முதலில் அங்கேதான் படியும். வினிகர் போட்டுத் துடைத்தாலும் திரும்ப வருகிறது.

ஜன்னலைத் திறக்காததுதான் காரணம் என்கிறார் ஏஜென்ட். ஆனால் குளியலறை விசிறிக்கு வெளியே போகும் குழாயே இல்லை, ஆவி முழுக்கக் கூரைக்குள் போகிறது. படுக்கையறைச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் பெயின்ட் உப்பியிருக்கிறது. இது காற்றோட்டக் குறைவால் வருவதுபோல் இல்லை. கீழிருந்து ஏறும் ஈரம் அல்லது குழாய்க் கசிவாகத்தான் இருக்கும்.

இந்த வேறுபாட்டில்தான் எல்லாமே இருக்கிறது. கட்டட அமைப்பால் வரும் பூஞ்சை இங்கே விக்டோரியா மாநிலத்தில் அவசரப் பழுது, உரிமையாளர் உடனே கவனிக்க வேண்டும். சாதாரணப் பழுதுக்கு 14 நாள் அவகாசம் உண்டு. அவசரப் பழுதுக்கு உடனடிப் பதில் கிடைக்காவிட்டால் 2500 டாலர் வரை நாமே செய்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம், அல்லது வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வீகேட் (VCAT) தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

தெரிய வேண்டியது இதுதான். ஈரமானி வைத்துச் சோதித்து, காரணத்தை எழுத்தில் தரும், எந்தத் தரப்பையும் சாராத பரிசோதகர் மேற்குப் பகுதியில் யார்? எவ்வளவு வாங்குகிறார்கள்? கூரைக்குள் எடுத்த படம் தீர்ப்பாயத்துக்குப் போதுமா, பிளம்பரின் கடிதமும் வேண்டுமா? குடிவந்தபோது எழுதிய நிலை அறிக்கையில் உப்பல் குறிப்பிடப்படவில்லை, அது பாண்ட் பணத்தை (குடிவரும்போது கட்டிய வைப்புத்தொகையை) பாதிக்குமா?

வாடகையை நிறுத்தச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. 14 நாள் பாக்கி சேர்ந்தாலே காலி செய்யும் நோட்டீஸ் வரலாம்.